கேள்வி-பதில்: ஸ்டியரிங் உதறினால் எங்கே பார்ப்பது?

வாசகர், திருமங்கலம்: எங்கள் வீட்டில் 1930 ஃபோர்டு மாடல் ஏ இருக்கிறது. மதுரைக்கு வரும் வழியில் 25 மைல் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ஸ்டியரிங் இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி உதறுகிறது. ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்குகிறது. முன்சக்கரங்களை பேலன்ஸ் செய்தாயிற்று, ஸ்டியரிங் பாக்ஸையும் இறுக்கியாயிற்று. வேறென்ன செய்யலாம்?

பதில்: பள்ளத்தில் தொடங்கி, நிறுத்தும்வரை அடங்காத உதறலுக்குக் காரணம் பெரும்பாலும் பேலன்ஸ் அல்ல, ஏதோ ஒரு மூட்டில் இருக்கும் ஆட்டம். கிடைத்த இடைவெளியில் சக்கரம் ஒரு பக்கம் திரும்பும். கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, அதை நடுவுக்கு இழுக்கும். அது நடுவில் நிற்காமல் மறுபக்கம் ஓடும். பாக்ஸை இறுக்கியதை உடனே பழையபடி தளர்த்துங்கள், இல்லையென்றால் பல்லைத் தின்றுவிடும்.

முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து அசையுங்கள். 'டக்'கென்று கேட்டால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் புஷ், அதாவது சக்கரம் திரும்பும் அச்சாணியைத் தாங்கும் உறை. புஷ் மாற்றினால் மேல், கீழ் இரண்டையும் ஒரே நீளமான ரீமரால் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) சேர்த்து ரீம் செய்யச் சொல்லுங்கள். தனித்தனியாகச் செய்தால் நேர்கோடு தப்பி கிங்பின் இறுகிப் பிடிக்கும்.

அடுத்து டை ராட் (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி), டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) இவற்றின் முனைகளில் பொருந்தும் பால்கள், அதாவது மூட்டு உருண்டைகள். காலிப்பரால் இரண்டு திசையில் அளங்கள். முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் மூட்டை இறுக்கும் பிளக்கை எவ்வளவு திருகினாலும் வீண்: நேரே போகையில் தளரும், திருப்பினால் பிடிக்கும்.

பலரும் பார்க்காமல் விடுவது, ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ராடின் பின்முனை பால். கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். அது தளர்ந்தால் ஆக்சிலே முன்பின் உருளும், கேஸ்டர் 5 டிகிரியில் நிற்காது.

டோ-இன் (முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) கடைசியில்தான்: சக்கரங்களுக்கு இடையிலான தூரம் பின்பக்கத்தைவிட முன்பக்கம் 1/16 அங்குலம் குறைவு. ஆட்டத்தோடு வைத்த அளவு சாலையில் நிலைக்காது. டயரில் 35 பவுண்டு காற்று, இரண்டிலும் சமமாக.

வாசகர், உசிலம்பட்டி: எங்கள் கார் மாரிஸ் எய்ட். 35 மைலில் மட்டும் நடுக்கம், 40 தாண்டினால் இல்லை.

பதில்: இதுதான் பேலன்ஸ் கோளாறு. சக்கரத்தைத் தூக்கி, பிரேக் உரசாமல் தளர்த்திச் சுழல விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் அடியில் வந்து நின்றால் அங்கேதான் பாரம், எதிர்ப்பக்கம் ஈயம் வையுங்கள். அதற்குமுன் ரிம் ஓரத்தில் சாக்பீஸ் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். கோடு பாதி வட்டத்தில் மட்டும் விழுந்தால் ரிம் வளைந்திருக்கிறது, ஈயம் உதவாது.