புது எஸ்எஸ்டி மாட்டினேன், விண்டோஸ் வரவில்லை: கேள்வி-பதில்

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சி டிரைவை எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்தேன், அதாவது அப்படியே நகலெடுத்தேன். 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது.

பதில்: சி டிரைவை மட்டும் எடுத்தால் அப்படித்தான் சொல்லும். விண்டோஸைத் துவக்கிவைக்கும் கோப்புகள், அதே டிஸ்க்கில் டிரைவ் எழுத்து இல்லாத ஈஎஃப்ஐ என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன. சுமார் 100 எம்பிதான். அது இல்லாமல் எதுவும் நகராது. முழு டிஸ்க்கையும் குளோன் செய்யுங்கள். முதல்முறை துவக்கும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கணினி அதிலிருந்தே துவங்கிவிடும். நீங்கள் வேலை முடிந்தது என்று நம்பிவிடுவீர்கள். கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள், அழிக்காதீர்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. என்ன செய்வது?

பதில்: மின்சாரமே வரவில்லையா, விண்டோஸ் வரவில்லையா? இரண்டும் வெவ்வேறு பழுது. திரையில் என்ன வருகிறது என்று ஒரு வரியாவது எழுதாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: 'குளோன் முடிந்தது' என்று வந்ததும் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டேன். இப்போது நீலத் திரையில் 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று வருகிறது.

பதில்: இதை எத்தனை முறைதான் எழுதுவது! நகலெடுத்து முடித்ததைத்தான் மென்பொருள் சொல்கிறது. அந்த நகல் துவங்கும் என்று அது உறுதி தரவில்லை. புது டிரைவில் ஒரு மாதமாவது வேலை பார்த்த பிறகே பழையதைத் தொட வேண்டும். 500 ஜிபி டிஸ்க்கை மேஜை இழுப்பறையில் போட்டுவைக்க என்ன செலவு? குழந்தையின் படங்களும் கடைக் கணக்கும் போன பிறகு அழுது பயனில்லை.

இனி அந்தப் பழைய டிஸ்க்கில் ஒரு கோப்பைக்கூட எழுதாதீர்கள். விரைவு ஃபார்மட் என்றால் மீட்க வழி உண்டு. முழு ஃபார்மட் என்றால், விஸ்டா முதலே விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது, மறந்துவிடுங்கள்.

நீலத் திரை வந்ததே நல்ல அறிகுறி. விண்டோஸ் துவங்கிவிட்டது, டிரைவை அணுகும் 'டிரைவர்' மென்பொருள்தான் கிடைக்கவில்லை. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பு) ஸ்டோரேஜ் அமைப்பு, அதாவது கணினி டிரைவோடு பேசும் முறை, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ, மறுபக்கமோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பழையபடி வையுங்கள். மாறவில்லை என்றால், துவக்கம் இரண்டு மூன்று முறை தடைபட்டதும் வரும் மீட்புத் திரையிலிருந்து, அவசியமானவற்றை மட்டும் கொண்டு துவங்கும் சேஃப் மோடுக்குப் போங்கள். அங்கே தேவையான டிரைவர் ஏறிவிட்டால், அடுத்த முறை வழக்கம்போல் துவங்கும். எதைச் செய்வதற்கு முன்பும் எஸ்எஸ்டியை யுஎஸ்பி வழியாக வேறு கணினியில் இணைத்து, கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 4 டிபி டிஸ்க்குக்கு மாற்றினேன். 2 டிபிக்கு மேல் பயன்படுத்த முடியவில்லை.

பதில்: டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் முறையின் எல்லை அது. புதிய முறையான ஜிபிடிக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 10-இல் 2017 முதல் வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி, தரவை அழிக்காமல் மாற்றும். மாற்றியதும் பயாஸை லெகசி என்ற பழைய துவக்க முறையிலிருந்து யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்குக் கொண்டுவர வேண்டும்; மறந்தால் துவங்காது. முதலில் பிரதி எடுங்கள்.

கேள்வி: எம்.2 எஸ்எஸ்டி சரியாகப் பொருந்தியது. பயாஸில் தெரியவில்லை.

பதில்: எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதே வடிவில் வரும் டிரைவ்கள் கணினியோடு பேசும் முறை இரண்டு: சாட்டா, என்விஎம்இ. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ தெரியாது. கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: புது டிரைவ் 48 இலக்க எண் கேட்கிறது.

பதில்: டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி அது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால், பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்தால், அதே கணினியில் மாட்டித் துவக்கி, சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.