மன அழுத்தமும் மூளையின் இடது வலதும்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நாய் என்னைப் பார்த்தால் ஒரு மாதிரியும் தெருநாயைப் பார்த்தால் வேறு மாதிரியும் வாலாட்டுகிறது. இதற்கும் மூளைக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 2007-இல் இத்தாலியில் 30 நாய்களை வைத்து இதைச் சோதித்தார்கள். வளர்ப்பவரைப் பார்த்ததும் வால் நாயின் வலப்பக்கம் அதிகம் போனது, முன்பின் தெரியாத முரட்டு நாயைக் காட்டியதும் இடப்பக்கம் போனது. உடம்பின் இடப்பக்க அசைவு வலது மூளையின் வேலை, பயந்து விலகுவதும் பெரும்பாலும் அதன் பொறுப்புதான். அப்புறம் 2013-இல், வால் இடப்பக்கம் ஆடும் நாயின் வீடியோவைப் பார்த்த மற்ற நாய்களுக்கு இதயத் துடிப்பு ஏறியது. மொபைலில் பின்னாலிருந்து ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: குதிரைக்கும் இப்படியா?

பதில்: ஆமாம். பக்கத்தில் போய்க் குடையை விரித்தால், இடப்பக்கமாக வந்தவரிடமிருந்துதான் அதிக தூரம் விலகி ஓடுகிறது. இடது கண் பார்ப்பது முக்கியமாக வலது மூளைக்குப் போகிறது.

கேள்வி: மன அழுத்தம் இந்த இடது வலது வித்தியாசத்தையே மாற்றிவிடுமா சார்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பொரிவதற்கு முந்தைய நாட்களில் கோழிக்குஞ்சு முட்டைக்குள் தலையைத் திருப்பி வைத்திருக்கும், இடது கண் உடம்போடு ஒட்டி மறைந்துவிடும், வலது கண் மட்டும் முட்டையோட்டைப் பார்த்தபடி இருக்கும். ஓட்டின் வழியே கசியும் வெளிச்சம் அந்த ஒரு கண்ணில்தான் படுகிறது, அதனாலேயே பார்வை நரம்புப் பாதைகள் இரு பக்கமும் வேறுவேறாக வளர்கின்றன. ஆஸ்திரேலியாவில் லெஸ்லி ரோஜர்ஸ் குழுவினர் முட்டைக்குள் கார்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோனைச் செலுத்தினார்கள். வெளிச்சம் கிடைத்தும் அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது! பிறப்பதற்கு முன்பே அழுத்தம் மூளையின் அமைப்பில் கை வைக்கிறது என்றால், சினையான விலங்குகளை நாம் நடத்தும் விதத்தை யோசித்தே ஆக வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு இடக்கைப் பழக்கம். அதனால்தான் டென்ஷன் என்கிறார் மாமியார்.

பதில்: இல்லை அம்மா. எழுதும் கையை வைத்து ஒரு குழந்தையின் மனதைக் கணிக்க முடியாது. கையை மாற்றச் சொல்லி யாரும் அவளை வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்து, என் வலது மூளை அதிகம் வேலை செய்வதாகச் சொல்லி ஒரு இடத்தில் சிகிச்சைக்குப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நெற்றிப் பக்க மின்னலைகளின் இடது வலது வித்தியாசத்துக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் டேவிட்சன் போன்றவர்கள் 1980-களிலிருந்து ஆராய்கிறார்கள், ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் சாய்வு, அதுவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஒருவருடைய ஒரு நாள் பதிவை வைத்து நோய் சொல்ல முடியாது. தூக்கம் கெடும் அளவுக்குப் பதற்றம் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், அவர் முதலில் உங்களோடு உட்கார்ந்து பேசுவார்.