எசென்ஷியல் ஆயிலை (செடி, பழத்துல இருந்து எடுக்குற அடர் வாசனை எண்ணெய்) எதுவும் கலக்காம நேரடியா தோல்ல தடவலாமா?

தடவாதீங்க. பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டே கேக்குறீங்கன்னு தோணுது, அதான் முதல்லயே சொல்லிட்டேன். ஆனா கேரியர் ஆயில், அதாவது அடர்த்தியைக் குறைக்கச் சேர்க்குற சாதா எண்ணெய், கலந்துட்டா பயமில்லைன்னும் நினைச்சிடாதீங்க, நான் கலந்து தடவித்தான் புண்ணாக்கிக்கிட்டேன்.

10 மில்லி ரோல்-ஆன்ல ஜோஜோபா எண்ணெய் ஊத்தி எட்டு சொட்டு பெர்காமோட் (ஆரஞ்சு மாதிரி ஒரு பழத்தோட எண்ணெய்), நாலு சொட்டு லாவெண்டர் விட்டேன். அந்த வாசனை இன்னும் மூக்குலயே நிக்குது. கழுத்துல ரெண்டு பக்கமும் உருட்டிட்டு உச்சி வெயில்ல ஒரு மணி நேரம் நடந்தேன், அன்னைக்கு ஒண்ணுமே தெரியல. மறுநாள் சாயங்காலம் எரிய ஆரம்பிச்சு, மூணாம் நாள் பாத்தா ரோலர் உருண்ட தடம் அப்படியே ரெண்டு கோடா செவந்து கொப்புளிச்சிருக்கு. கொப்புளம் சீக்கிரம் காஞ்சிடுச்சு, கருப்பு மறைய ஏழு மாசம்.

பழத்தோலைப் பிழிஞ்சு எடுக்குற பெர்காமோட்ல பெர்காப்டென்னு ஒண்ணு இருக்கு, தோல்ல அது இருக்கும்போது வெயில் பட்டா சுட்டுடும். தடவிட்டு கழுவாம விடுற எதுலயும் 0.4 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு வாசனைத் துறையிலேயே வரம்பு வச்சிருக்காங்க. 20 சொட்டு ஒரு மில்லின்னா, 30 மில்லிக்கு ரெண்டே சொட்டு. நான் விட்டது அந்த வரம்பைப்போல பத்து மடங்கு! தோலைப் பிழிஞ்சு எடுத்த லைம், லெமன் எண்ணெயும் இதே மாதிரிதான், ஆவியில வடிச்ச லைம்ல இந்தத் தொல்லை இல்ல. நான் வாங்கின பாட்டில்ல இது பத்தி ஒரு வரி இல்ல, "100% நேச்சுரல்"னு மட்டும் பெருசா போட்டிருந்தான்.

உடனே கட்டஃபோஸேங்கிற பிரெஞ்சுக்காரர் கதையோட வருவீங்க சிலர், தெரியும். 1910ல லேப்ல தீக்காயம் பட்டு லாவெண்டர் போட்டார், 1937ல அரோமாதெரபின்னே (வாசனை எண்ணெய் வைத்தியம்) புத்தகம் எழுதினார், எல்லாம் சரி. அவர் கெமிஸ்ட்ங்க, அவர் போட்டது லாவெண்டர், அதுல பெர்காப்டென் பிரச்சனை கிடையாது. நான் எண்ணெய்க்கு எதிரி இல்ல, இன்னைக்கும் வீட்டுல ஏழெட்டு பாட்டில் இருக்கு.

எரிச்சலை விட என்னை நோகடிச்சது, பாக்குறவங்க எல்லாம் "கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்கிறதில்லையா"ன்னு கேட்டதுதான். அடுத்தவங்க தோலைப் பத்திப் பேச இவங்களுக்கு யார் உரிமை கொடுத்தா?

லாவெண்டர்னா 30 மில்லிக்கு ஆறு சொட்டு போதும், முழங்கை உள்பக்கம் தடவி ஒரு நாள் பாத்துட்டு அப்புறம் மத்த இடத்துக்குப் போங்க. பெர்காமோட்டை நான் இப்ப காத்துல வாசனை பரப்புற டிஃப்யூசர்ல மட்டும்தான் விடுறேன்.