மடங்காத முழங்கையை யாரும் இழுக்க விடாதீங்க

சோமனூரில் தறி ஓட்டும் 42 வயது வாசகர் எழுதியிருக்கிறார். வண்டியிலிருந்து விழுந்து வலது முழங்கையில் எலும்பு முறிந்து, 6 வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தாராம். பிரித்து ஒரு மாதம் ஆகியும் கை முழுசாக நீளவில்லை, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை, தறி நாடாவில் நூல் சுற்றிய தார் மாற்றக்கூட இடது கைதான். எண்ணெய் போட்டு இழுத்துவிட்டால் சரியாகும் என்று வீட்டில் சொல்கிறார்கள், போகலாமா என்கிறார்.

போகாதீங்க. அசையாமல் இருந்தால் சீக்கிரம் இறுகிப்போகிற மூட்டுகளில் முழங்கை முக்கியமானது, அதைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடும். அதை ஒரே நாளில் வெடுக்கென்று இழுத்தால் உள்ளே கிழிந்து ரத்தம் கட்டும், சிலருக்கு அந்த இடத்துத் தசையிலேயே புதிதாக எலும்பு வளர்ந்து இருந்த அசைவும் போய்விடும். அப்படி இழுத்துவிட்டு வந்தவர்களின் எக்ஸ்ரேயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. மணல் பையையோ தண்ணீர் வாளியையோ தொங்கவிட்டு நடக்கிற வேலையும் வேண்டாம்.

முதலில் எலும்பு கூடிவிட்டதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. கூடியிருந்தால், சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை 10 நிமிடம் சுற்றிவைத்து, அப்புறம் மல்லாந்து படுத்து, மேல்கையைக் கூரையைப் பார்க்க நிமிர்த்தி, முன்கை தன் எடையிலேயே முகத்தை நோக்கி மடங்கும்படி விடுங்க. கடைசியில் இடது கையால் லேசாக ஒரு அழுத்து, சுருக்கென்று வலிக்கக் கூடாது, இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால் போதும். நீட்டுவதற்கு, மேசை ஓரத்தில் மேல்கையை வைத்து முன்கையை வெளியே தொங்கவிடுங்க. விலாவோடு முழங்கையை ஒட்டிக்கொண்டு உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவதையும் விட்டுவிடாதீங்க. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, நாளைக்கு 5, 6 தடவை பத்துப்பத்து நிமிடம் செய்வதுதான் பலன் தரும். அடுத்த நாள் வீங்கிச் சுட்டால் அளவு மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கை நேராக நீண்டிருப்பதை 0 என்று வைத்தால், முழங்கை சுமார் 140 டிகிரி வரை மடங்கும், ஆனால் சாப்பிட, தலை வார, சட்டை போட 30-லிருந்து 130 வரை கிடைத்தாலே பெரும்பாலும் போதும், முழுசாக நீளாததற்காகக் கவலைப்படாதீங்க. முன்னேற்றம் நின்றுபோனால் திருகு வைத்த பட்டை ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம். 6 மாதம் ஒழுங்காகச் செய்தும் வேலைக்கு உதவாத கையாகவே இருந்தால் அறுவை சிகிச்சையில் இறுகிய உறையை விடுவிக்கலாம், அதற்குப் பிறகும் இதே பயிற்சிதான்.

ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ 6 மாதம் காத்திருக்க வேண்டாம், அது நரம்பு, அந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்க.