அனிமா, அனிமஸ்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், உளச்சிகிச்சையில் 'பெண்மைத் தத்துவம், ஆண்மைத் தத்துவம்' என்கிறார்களே, அது என்ன?

பதில்: சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யூங்கிடமிருந்து (1875–1961) வந்தது. ஆணின் நனவிலி மனதில் (தனக்கே தெரியாமல் உள்ளே இயங்கும் மனப்பகுதியில்) இருக்கும் பெண் படிமம் அனிமா, பெண்ணிடம் இருக்கும் ஆண் படிமம் அனிமஸ். உறவாடும் பண்பைப் பெண்மையோடும், பகுத்தறியும் பண்பை ஆண்மையோடும் சேர்த்துப் பேசினார்.

கேள்வி: சிகிச்சையில் இதை எப்படிப் பயன்படுத்துவார்கள்?

பதில்: கனவும் காதலும்தான் முக்கியமான வாசல்கள். ஒருவர் ஒரு பெண்ணைப் பார்த்ததுமே 'இவள் எனக்கென்றே பிறந்தவள்' என்று உருகுவார். ஆறு மாதத்தில் 'இப்படிப்பட்டவளா நீ!' என்று குமுறுவார். அவள் அப்படியேதான் இருக்கிறாள். தனக்குள் இருந்த படிமத்தை அவள்மேல் ஏற்றி வைத்திருந்தார், இப்போது அது கழன்றுவிட்டது. இங்கே சிகிச்சையாளர் அந்தப் பெண்ணைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார். அவளிடம் எது பிடித்தது, அந்த மென்மையை உங்களிடம் வளரவிடாமல் தடுத்தது எது என்று கேட்பார். சின்ன வயதில் அழுததற்கு அடி வாங்கிய கதை அப்போதுதான் வெளியே வரும். கனவில் வந்த உருவத்தோடு விழித்த நிலையில் பேசி, எழுதிப் பார்ப்பதும் உண்டு. யூங்கே 1913 முதல் தனக்குள் கேட்ட பெண்குரலோடு வாதாடி எழுதி வைத்தவர்தான்.

கேள்வி: நான் பொறியாளர். பகுத்தறிவு ஆணுடையது என்றால் என்னுடையது இரவலா? படித்ததும் கோபம் வந்தது.

பதில்: நியாயமான கோபம். தன் காலத்துச் சமூக வழக்கத்தை யூங் இயற்கை நியதிபோல எழுதிவிட்டார். அடித்துப் பேசும் பெண்ணை அனிமஸ் ஆட்டிவைப்பதாகச் சொன்னதை நான் ஏற்கவில்லை. அவர் வழிவந்த ஜேம்ஸ் ஹில்மனே அனிமா இருபாலருக்கும் உண்டு என்றார். 1974இல் சாண்ட்ரா பெம் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆண்மையையும் பெண்மையையும் தனித்தனியாக அளக்கும் 60 பண்புகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும் என்ற கணக்கே அதில் இல்லை. ஒருவரிடமே இரண்டும் நிறைய இருக்கலாம்.

கேள்வி: அக்கா, என் கணவர் சீக்கிரம் கண் கலங்குவார். 'உங்களுக்கு ஆண்மைத் தத்துவம் போதாது, வீட்டில் அதட்டிப் பேசுங்கள்' என்று ஆலோசகர் சொல்லிவிட்டார். இவர் இப்போது வாயே திறப்பதில்லை.

பதில்: வேறு ஆலோசகரைப் பாருங்கள்மா. அனிமாவோடு பழகச் சொன்ன யூங்கின் வழிக்கே இது நேர் எதிர். கண் கலங்கும்போது அவருக்கு என்ன தோன்றுகிறது என்று பொறுமையாகக் கேட்கிற ஆள்தான் வேண்டும். புதியவரிடம் முதல் நாளே இந்த அறிவுரையைப் பற்றியும், அதற்குப் பிறகு அவர் பேசாமல் போனதைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.