தலைக்கு மேல் தாழப் பறக்கும் போர் விமானங்கள்: அஞ்ச வேண்டுமா, யாரிடம் முறையிடுவது?

தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். முற்பகல் வேளையில் இரண்டு போர் விமானங்கள் தென்னை மட்டையைத் தொடுவது போலத் தாழ்வாகப் பறந்து சென்றதாகவும், சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்ததாகவும், கொட்டிலில் கட்டியிருந்த சினை மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகவும், இதய நோய்க்கு மருந்து உட்கொண்டுவரும் தம் தாயார் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். எல்லையில் ஏதேனும் நடக்கிறதா, இவ்வளவு தாழ்வாகப் பறக்கச் சட்டத்தில் இடமுண்டா, சுவரில் விரிசல் விட்டால் யாரிடம் கேட்பது என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்குரிய விடை அவருடைய ஊரின் இருப்பிடத்திலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட தஞ்சாவூர் விமானத்தளம் புதுப்பிக்கப்பட்டு 2013 மே மாதத்தில் விமானப்படை நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020 சனவரி 20 அன்று சுகோய்-30 எம்.கே.ஐ. என்னும் இரட்டை எஞ்சின் போர் விமானங்களைக் கொண்ட 222ஆம் படைப்பிரிவு அங்கே நிலைகொண்டது. ஆகவே அந்த வட்டாரத்தில் இரட்டை எஞ்சின் போர் விமானங்களைக் காண்பது அன்றாடப் பயிற்சியின் ஒரு பகுதிதான். கோவைக்கு அருகிலுள்ள சூலூரில் தேஜஸ் போர் விமானங்களும், அரக்கோணத்தில் கடற்படையின் நீண்டதூரக் கண்காணிப்பு விமானங்களும், இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் கடற்படையின் சிறிய விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இயங்குகின்றன. இந்தத் தளங்களின் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் விமானம் தாழ்வாகப் பறந்ததை மட்டும் வைத்துப் போர் மூண்டுவிட்டதாக முடிவுகட்டத் தேவையில்லை. உண்மையான எச்சரிக்கை என்றால் அது மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பாகவே மக்களை வந்தடையும்.

ஏன் இவ்வளவு தாழ்வாகப் பறக்கிறார்கள் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மிக எளிது: விமானம் தரையிறங்க வேண்டும். வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம் ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 520 மீட்டர் உயரத்திலும், 5 கிலோமீட்டர் தொலைவில் 260 மீட்டர் உயரத்திலும் இருக்கும். ஓடுபாதையின் நேர்க்கோட்டில் அமைந்த ஊர்களுக்கு இது மாறாத அனுபவம். போர் விமானங்கள் பல வேளைகளில் ஓடுபாதைக்கு மேலேயே சில நூறு மீட்டர் உயரத்தில் வேகமாகப் பறந்து வந்து, சட்டென்று வளைந்து, வேகத்தைக் குறைத்து இறங்கும் முறையையும் கையாள்கின்றன.

இரண்டாவது காரணம் ரேடார். பூமி உருண்டையாக இருப்பதால் தரையில் உள்ள ரேடாரின் பார்வைக்கும் ஒரு தொடுவானம் உண்டு. 10 மீட்டர் உயரக் கம்பத்தில் பொருத்திய ரேடார், 10,000 மீட்டர் உயரத்தில் வரும் விமானத்தை 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்தே காணக்கூடும். அதே விமானம் 100 மீட்டர் உயரத்தில் வந்தால் 54 கிலோமீட்டர் அளவில் நெருங்கிய பிறகே தென்படும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தொலைவைக் கடக்க நான்கு நிமிடம்கூட ஆகாது. எதிரிக்குக் கிடைக்கும் எச்சரிக்கை நேரத்தை அரை மணியிலிருந்து நான்கு நிமிடத்துக்குள் சுருக்கும் இந்தத் திறமையைப் போர்க்காலத்தில் திடீரென்று கற்றுக்கொள்ள இயலாது. மரங்களும் மின்கம்பிகளும் பறவைகளும் நிறைந்த நிலத்தின் மேல் அமைதிக்காலத்தில் பழகினால்தான் விமானிக்கு அது கைவரும். கடலின் மேலும் பழகுகிறார்கள் என்றாலும், புறப்படவும் திரும்பவும் நிலத்தைக் கடந்தே ஆக வேண்டும்.

பார்த்தவர்கள் சொல்லும் உயரம் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கிறது. இதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. வானத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாதபோது கண் ஏமாறுவது இயல்பு. முறையீடு செய்ய நினைப்பவர்கள் முதலில் உயரத்தை ஓரளவு சரியாகக் கணித்துக்கொள்வது நல்லது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், நீட்டிய கை போதும். சுகோய் விமானத்தின் நீளம் ஏறத்தாழ 22 மீட்டர். விமானம் நேர் மேலே செல்லும்போது கையை முழுவதும் நீட்டி, அதன் நீளத்தை விரலோடு ஒப்பிடுங்கள். சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குள் அடங்கினால் அது 1,200 மீட்டருக்கு அருகில் இருக்கிறது. கட்டைவிரல் அகலம் இருந்தால் 600 மீட்டர். இறுக மூடிய கையின் அகலம் முழுவதையும் நிறைத்தால் ஏறத்தாழ 125 மீட்டர். விமானத்தின் வகையையும் கருத்தில் கொள்ள வேண்டும். 53 மீட்டர் நீளமுள்ள சி-17 சரக்கு விமானம் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் செல்லும்போதும் கட்டைவிரல் அகலம் தெரியும். அதன் பேருருவத்தாலேயே அது மெதுவாகவும் ஆபத்தான தாழ்விலும் மிதப்பது போலத் தோன்றும்.

அச்சத்துக்கு உயரத்தைக் காட்டிலும் திடீர் ஒலியே பெரிய காரணம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது எழுப்பிய ஒலி நம்மை அடைய ஏறத்தாழ 9 விநாடி ஆகும்; விமானமோ 14 விநாடிக்குள் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. மேலும், ஜெட் எஞ்சினின் பேரிரைச்சல் பின்னோக்கியே அதிகம் பரவுவதால், முன்னறிவிப்பாக நமக்குக் கிடைக்கும் அந்த ஐந்து விநாடி ஒலியும் மெலிந்துதான் வரும். அதன்பின் ஒரே நொடியில் இடிபோல் விழும் ஒலிக்கு மாடும் மனிதரும் அதிர்ந்துபோவது உடலின் இயற்கை. ஈழப்போரில் கிஃபிர் போர் விமானங்கள் நடத்திய குண்டுவீச்சுகளைப் பதுங்குகுழிகளுக்குள் இருந்து கேட்டு உயிர்பிழைத்து, தமிழகத்தின் மறுவாழ்வு முகாம்களில் வாழ்பவர்களுக்கு இந்த ஒலி என்ன செய்யும் என்பதை அருகில் இருப்பவர்கள் உணர்ந்து, அவர்களோடு துணையிருக்க வேண்டும்.

விமானமே கண்ணில் படாமல் வெடிச்சத்தம் மட்டும் ஒன்றோ இரண்டோ தடவை கேட்டால், அது வேறு நிகழ்வு. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும் விமானத்தின் அதிர்வலை தரையை அடைவதால் எழுவது அது. 2020 மே 20 அன்று பெங்களூரு நகரத்தையே திகைக்க வைத்த ஓசைக்கு இதுவே காரணம் என்று பாதுகாப்புத் துறை விளக்கமளித்தது. சோதனைப் பறப்பில் இருந்த விமானம் 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் ஒலியைவிடக் குறைந்த வேகத்துக்கு மாறியபோது அது எழுந்திருக்கலாம் என்றும், 65 முதல் 80 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர்களும் அதை உணர முடியும் என்றும் அந்த விளக்கம் கூறியது.

சட்டத்தைப் பொறுத்தவரை, மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் சுற்றிலும் 600 மீட்டருக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட 300 மீட்டர் மேலேயும், மற்ற இடங்களில் தரையிலிருந்து 150 மீட்டர் மேலேயும் பறக்க வேண்டும் என்ற பன்னாட்டு வரையறை பயணிகள் விமானம் போன்ற சிவில் விமானங்களுக்கு உரியது. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை இராணுவ விமானங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. நம் நாட்டின் 2024ஆம் ஆண்டு வான்வழிச் சட்டமும் முப்படைகளின் விமானங்களுக்குப் பொருந்தாது. அவை படையின் உள் ஆணைகளுக்குக் கட்டுப்பட்டவை. பிரிட்டனில் தாழ்பறப்புப் பயிற்சிப் பகுதிகளுக்கான கால அட்டவணையைப் பாதுகாப்பு அமைச்சகம் முன்கூட்டியே வெளியிடுகிறது. இரகசியம் தேவைப்படாத வழக்கமான பயிற்சிகளுக்கேனும் நம் விமானத்தளங்கள் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு முன்னறிவிப்புச் செய்தால் பாதி அச்சம் அகன்றுவிடும் என்பது என் உறுதியான கருத்து. கிராமத்து மக்கள் தங்கள் படையின்மீது வைத்திருக்கும் மரியாதைக்கு அந்தச் சிறு கடமை ஈடாகும்.

சேதத்துக்கு வருவோம். ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் செல்லும் விமானத்தின் இரைச்சலால் கண்ணாடிகள் அதிர்வது சாதாரணம். நல்ல நிலையில் உள்ள சுவர் பிளப்பது அரிது. ஆனால் ஏற்கெனவே தளர்ந்த பூச்சு உதிரலாம், சரியாகப் பொருத்தாத கண்ணாடி உடையலாம். களிமண் நிலத்தில் கட்டிய வீடுகளில் கோடையில் மண் சுருங்குவதாலும் விரிசல் உண்டாகும் என்பதால், காரணத்தைப் பிரித்தறியச் சான்று வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதி, அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பறப்புக்குப் பின் அந்தக் கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டிருந்தால் உங்கள் முறையீடு வலுப்பெறும். நாள், நேரம், திசை, விமானங்களின் எண்ணிக்கை, விரலால் கணித்த உயரம் ஆகியவற்றைக் குறித்து, வட்டாட்சியர் அலுவலகத்திலோ, திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். நடுவண் அரசின் பொதுக் குறைதீர் இணையதளமான சிபிகிராம்ஸ் வழியாகப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கே நேரடியாகவும் அனுப்பலாம். கால்நடைக்குக் காயமோ கருச்சிதைவோ நேர்ந்திருந்தால் அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழ் இல்லாத மனு நிற்காது. அன்றைக்கே அவரை அழைத்துக் காட்டிவிடுவது அவசியம்.

மாடுகளை முள்வேலி, திறந்த கிணறு ஆகியவற்றின் அருகே கட்டாதிருப்பது நல்லது. கோழிப் பண்ணையில் மிரண்ட கோழிகள் ஒரே மூலையில் குவிந்து மூச்சுமுட்டி இறக்கக்கூடும் என்பதால் விமானம் கடந்தவுடன் மூலைகளைப் பார்த்துவிடுங்கள். தாயாரைப் பொறுத்தவரை, படபடப்பு சில நிமிடங்களில் தணியாவிட்டாலோ நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். அச்சம்தானே என்று காத்திருப்பது இதய நோயாளிக்கு உகந்ததன்று.

விமானத்திலிருந்து ஏதேனும் விழுந்ததைக் கண்டால் அருகில் செல்ல வேண்டாம். 2019 சூலை 2 அன்று தேஜஸ் விமானத்தின் கூடுதல் எரிபொருள் கலன் கோவையை அடுத்த இருகூரில் விளைநிலத்தில் விழுந்தது. நல்வேளையாக யாருக்கும் காயமில்லை, விமானமும் சூலூரில் பத்திரமாக இறங்கியது. அத்தகைய பொருளில் எரிபொருளோ வெடிக்கும் பாகமோ எஞ்சியிருக்கலாம். தொடாமல், குழந்தைகளை விலக்கி, 112க்குத் தகவல் கொடுங்கள்.

கைப்பேசியில் படமெடுப்பதில் கவனம் தேவை. விமானத்தளத்தையும் அதன் சுற்றுச்சுவரையும் ஓடுபாதையையும் படமெடுப்பது அலுவல் இரகசியச் சட்டம், 1923இன் கீழ் குற்றமாகக் கூடும். வீட்டு வாசலில் நின்று எடுத்த காணொளியாயினும், எல்லையில் பதற்றம் நிலவும் நாட்களில் இடமும் நேரமும் தெரியும்படி உடனே பரப்புவது பறந்துகொண்டிருக்கும் விமானிக்கே தீங்காக முடியலாம். மனுவுக்குச் சான்றாக அதை உங்களிடமே வைத்திருங்கள்.

இறுதியாக, ஊராட்சியில் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தாழ்வாகப் பறக்கும் விமானத்துக்குப் பறவைதான் பெரும் எதிரி. எஞ்சினுக்குள் ஒரு பருந்து புகுந்தால் விமானம் விழும் இடம் நம் வயலாகவோ வீடாகவோ இருக்கலாம். விமானத்தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் திறந்தவெளியில் இறைச்சிக் கழிவையும் குப்பையையும் கொட்ட விமான விதிகள் தடைவிதிக்கின்றன. தளத்தின் அருகே திருமண நிகழ்ச்சிகளுக்காக அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதும் தடைசெய்யப்பட்டதே. கிராமசபைக் கூட்டத்தில் பறப்பு முன்னறிவிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றும்போது, கழிவு கொட்டும் இடத்தை மாற்றுவதையும் அதே தீர்மானத்தில் சேர்த்து ஆட்சியருக்கு அனுப்புங்கள்.