வெங்காய உரியில் பச்சையவுருமணி ஏன் தெரியவில்லை?

உங்கள் மகள் நுணுக்குக்காட்டியில் வெங்காய உரியைப் பார்த்தபோது பச்சையவுருமணி (ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சை நிறப் பாகம்) ஏன் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வழுக்கியில் (உரியை வைத்த கண்ணாடித் தகட்டில்) பிழை இல்லை. வெங்காயத்தின் உள் உரியில் பச்சையவுருமணியே கிடையாது. எவ்வளவு பெருப்பித்தாலும் தெரியாது. மகள் கண்டதை மட்டும் வரையட்டும்: கலச்சுவர், குழியவுரு (கலத்தினுள் உள்ள கூழ் போன்ற பொருள்), அயடீன் ஏறி மஞ்சட் கபிலமான கரு.

குழப்பம் பெரும்பாலும் பாடநூல் படத்தால் வருவது. அது எல்லாப் பாகங்களையும் ஒரே கலத்துக்குள் அடுக்கிய மாதிரிப் படம். வெங்காயமோ வெளிச்சம் படாமல் உணவு சேமிக்கிற பகுதி, அதற்கு ஒளித்தொகுப்பு வேலை இல்லை.

கரு ஏன் ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நடுவில் பெரிய புன்வெற்றிடம் (சாறு நிறைந்த பை) அதைத் தள்ளி வைத்திருக்கிறது. சாறு தெளிவாக இருப்பதால்தான் அது கண்ணில் படவில்லை. ஊதா நிற வெங்காயம் கிடைத்தால், சதைப்பற்றான ஓட்டின் வெளிப்பக்கத்து ஊதா உரியை அயடீன் இல்லாமல், தண்ணீரில் வைத்துப் பாருங்கள். அப்புறம் மூடித்துண்டின் (மேலே மூடும் மெல்லிய கண்ணாடியின்) ஓரமாக ஒரு துளி கடும் உப்புக்கரைசல் விடுங்கள். சில நிமிடத்தில் ஊதாப் பகுதி சுருங்கிச் சுவரை விட்டு விலகும். சுவர் வேறு, அதற்கு உள்ளே கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு வேறு என்பதை இதைவிட நன்றாக எந்தப் படமும் காட்டாது.

பச்சையவுருமணிதான் வேண்டுமென்றால் ஐதரில்லா என்ற நீர்த்தாவரத்தின் இலையைப் பாருங்கள். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் மீன்தொட்டிச் சாமான் விற்கிற கடைகளில் விசாரியுங்கள். இலையை வெட்டவே தேவையில்லை, முழுசாக வைக்கலாம்.

ஒன்று: இழைமணியை (கலத்துக்குச் சக்தி தரும் மிகச் சிறிய பாகம்) பாடசாலை நுணுக்குக்காட்டியில் இப்படிப் பார்க்க முடியாது. அவதானிப்புப் படத்தில் அதைக் குறிக்க வேண்டாம். வினாவில் "மாதிரித் தாவரக் கலம்" என்று கேட்டால் மட்டும் எல்லாவற்றையும் வரையலாம்.